எம்.ஏ. வரலாறு சேரப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் படியுங்கள்

பாளையங்கோட்டையில் மாடியில் நடக்கும் ஒரு ஸ்டடி சென்டர் என் தங்கச்சியை ஏமாற்றிவிட்டது. போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

அவளுக்கு வரலாறு என்றால் உயிர். ஆதிச்சநல்லூர் பக்கம் எங்கள் ஊர். தொல்லியல் அறிஞர் அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்த பரம்பு மேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பி.ஏ., பி.எட். முடித்துவிட்டாள். முதுகலை ஆசிரியர் தேர்வு எழுத எம்.ஏ. வேண்டும். ஜவுளிக்கடை வேலையில் சேர்த்த 28,000 ரூபாயை அங்கே கட்டினாள்.

வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைப் படிப்பு என்றார்கள். தமிழ்வழி, ஞாயிறு வகுப்பு, ஒரே வருஷத்தில் பட்டம். நான் துருவிக் கேட்டதும், "அண்ணாச்சி, இங்க படிச்சவங்க எத்தன பேரு வாத்தியாரா இருக்காங்க தெரியுமா?" என்றார் நிர்வாகி. ரசீது ஏதோ டிரஸ்ட் பெயரில் இருந்தது. என்ரோல்மென்ட் நம்பர் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்". கையில் கிடைத்தது இங்கிலீஷ் நோட்ஸ் ஜெராக்ஸ் மட்டும். கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டோம். அந்தப் பெயரில் மாணவி யாரும் இல்லை, தமிழ்நாட்டில் எங்களுக்கு சென்டரே கிடையாது என்று பதில் வந்தது. பணத்தைவிட, போன வருஷத்தை நினைத்துத்தான் அவள் அழுதாள்.

இப்படித் தனியார் சென்டர் வைத்து ஆள் சேர்ப்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறை தடை செய்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தவும் முடியாது. மூன்று வருஷ பி.ஏ. படித்தவருக்கு எம்.ஏ. இரண்டு வருஷம்தான், ஒரே வருஷம் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். 2024 முதல் தொலைநிலையில் சேரும் மாணவர் யுஜிசி தளத்தில் தானே டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்) எடுக்க வேண்டும். இவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தமிழ்வழி என்ற பேச்சில்தான் நம் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. படித்த பல்கலைக்கழகம் சான்று கொடுத்தால்தான் அது செல்லும். டிரஸ்ட் ரசீதை வைத்து என்ன செய்ய?

தொலைநிலையில் படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. நேரில் போய்ப் படிக்க முடிந்தால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே வரலாற்றுத் துறை உண்டு. எதில் சேர்ந்தாலும் பணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள்.

இதே மாதிரி மாடி சென்டரில் பணம் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.