ஏரியல் ஃபிட்னஸ்: ஏறும் பாடம் உண்டு, இறங்கும் பாடம் எங்கே?

கூரையிலிருந்து தொங்கும் துணியில் ஏறிப் பழகும் வகுப்பில் சேரலாமா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். நான் ஒரு வருடத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். சேரலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்த்திருப்பாள். அப்படிச் சொல்ல முடியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தால் மனம் ஒரே விஷயத்தில் போய் நிற்கிறது. எங்களுக்கு ஏறக் கற்றுக்கொடுக்கிறார்கள், இறங்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

சில்க்ஸ், ஹேமக், வளையம், டிராபீஸ் இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். அதை இங்கே விளக்கப் போவதில்லை. நான் போவது சில்க்ஸ் வகுப்புக்கு. நீளமான நைலான் துணி ஒன்றை நடுவில் மாட்டி, இரண்டு பாதிகளையும் தரைவரை தொங்கவிட்டிருப்பார்கள். கீழே கனமான மெத்தை. முதல் மாதங்களில் கற்பது மூன்றே விஷயங்கள்: கையால் பிடித்துக் காலால் இறுக்கி ஏறுவது, துணியைப் பாதத்தில் எட்டு வடிவத்தில் சுற்றி அதன்மேல் நிற்கும் ஃபுட் லாக், பிறகு தலைகீழாவது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் தலைக்கேறிய பிறகு சொல்ல மனம் வராது. எங்கள் ஆசிரியை வகுப்பு தொடங்கும் முன் ஏணி போட்டு ஏறி, துணியை மேலே மாட்டியிருக்கும் காரபினர் என்ற உலோகக் கொக்கியின் பூட்டு முழுவதும் திருகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் யாரையும் துணியருகே விடமாட்டார். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஊசிமுனை அளவுக் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மோதிரமோ ஜிப் வைத்த உடையோ போட்டு வந்தால் திருப்பி அனுப்புவார். காரபினரில் கிலோநியூட்டன் கணக்கில் ஓர் எண் பொறித்திருக்கும். வழக்கமான மலையேற்றக் காரபினர்களுக்கான ஐரோப்பியத் தரம் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டனாவது தாங்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய இரண்டு டன் எடை. ஓர் ஆள் தொங்க இவ்வளவு எதற்கு என்று தோன்றும். துணியில் சுழன்று விழுந்து சட்டென்று நிற்கும் டிராப்களில் மேலே விழும் சுமை உடல் எடையைப் போலப் பல மடங்கு. இதையெல்லாம் அவர் நின்று நிதானமாக விளக்குவார். தோளைக் காதருகே தூக்கிக்கொண்டு தொங்குகிறவர்களை உடனே கீழே இறக்கி, தோள்பட்டை எலும்பைக் கீழே இழுத்துப் பிடித்த பிறகே காலைத் தரையிலிருந்து எடுக்கச் சொல்வார். டிராப் பழக்கச் சொல்லி அவசரப்படுகிறவர்களிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லும் துணிச்சல் அவருக்கு உண்டு. இப்படிப்பட்டவர் இறங்கும் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அலட்சியம் என்பதுதான் என் ஆற்றாமை.

சென்ற வாரம் நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முதல்முறையாகத் துணியின் பாதி உயரம் வரை ஏறிவிட்டாள். எல்லாரும் கைதட்டினோம். "அருமை, இறங்குங்கள்" என்றார் ஆசிரியை, அடுத்தவரின் துணியைச் சரிசெய்தபடியே. அந்தப் பெண்ணின் பாதப் பிடி முதலில் விட்டது. பிறகு உள்ளங்கைகளுக்குள் துணி ஓடியது. மெத்தையில் கால் ஊன்றித்தான் வந்து நின்றாள், விழவில்லை. ஆனால் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். விரல்களின் அடிப்பகுதியில் தோல் வழுவழுவென்று வெளுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. களிம்பு வந்தது. கூடவே ஒரு வாக்கியமும் வந்தது: "ஆரம்பத்தில் எல்லாருக்கும் வருவதுதான்."

இந்த வாக்கியத்தை நான் ஏற்கவே மாட்டேன். இந்தப் பயிற்சியில் எல்லாருக்கும் வரும் வலிகள் உண்டு. முழங்காலின் பின்பக்கம் கன்றிப்போகும். ஃபுட் லாக்கில் நிற்கும்போது பாதத்தின் மேல்பக்கம் நசுங்குவது போல வலிக்கும். மறுநாள் காலையில் தலைவாரக் கை எழாது. இவை உடல் பழகும்வரை இருக்கும், பிறகு குறைந்துவிடும். உராய்வுக் காயம் அந்த வகையில் சேராது. தோலின்மேல் துணி வேகமாக ஓடினால்தான் அது வரும். இறங்கத் தெரிந்தவர்மேல் துணி அப்படி ஓடாது. கற்றுக்கொடுத்தால் தவிர்க்கக்கூடிய ஒன்றை விதிபோலப் பேசுவது ஆசிரியருக்கு அழகல்ல.

புதியவர்களுக்கு இறங்குவது ஏன் கடினம்? விரல்களுக்குள் தசை இல்லை. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன, நாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. ஏறும்போதே அந்த முன்கை கல்லாக இறுகிவிடும். உச்சியில் நின்று நிலை பிடித்து, நான்கு பேர் பாராட்டி, யாரோ படமெடுத்து முடிப்பதற்குள் பிடிவலு வடிந்திருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக எச்சரித்துவிட்டுப் போவதில்லை. இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் திறந்துகொள்ளும். ஃபுட் லாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் எடைதான் அந்தக் கட்டை இறுக்குகிறது. அவிழ்க்க வேண்டுமானால் எடையை மறுபடியும் கைக்கு மாற்றி, உடலை ஒரு சாண் மேலே இழுத்து, பாதத்தைத் தளர்த்த வேண்டும். அதாவது கை மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்தான் கையின் வலு அதிகம் தேவைப்படுகிறது. இதை ஏறும் முன்பே யாராவது சொல்லியிருந்தால், பிடியில் ஒரு பங்கை இறங்குவதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது தெரிந்ததே தற்செயலாகத்தான். எங்கள் ஆசிரியை விடுப்பில் போனபோது சில வகுப்புகளுக்கு வேறொருவர் வந்தார். அதிகம் பேசாதவர். வார்ம் அப் முடிந்ததும், "மூன்று பிடி உயரம் மட்டும் ஏறுங்கள். மேலே ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பத்து எண்ணி முடிக்கும்போது கால் மெத்தையில் படட்டும்" என்றார். முதலில் எல்லாருக்கும் ஏமாற்றம். வெறுமனே ஏறி இறங்கவா வந்தோம் என்று முணுமுணுப்பு. அவர் ஒவ்வொருவரின் பாதத்துக்கருகிலும் குனிந்து உட்கார்ந்துகொண்டார். துணி ஒரு காலைச் சுற்றிப் பாதத்தின்மேல் கிடக்கிறது. மற்றப் பாதம் அதை மிதித்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் பிரேக், கை அல்ல என்று தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே துணியை வைத்து அழுத்தியும் தளர்த்தியும் காட்டினார். கை துணியில் வழுக்கவே கூடாது. ஒரு கையை எடுத்து அடுத்த கைக்குக் கீழே வைக்க வேண்டும், பிறகு அடுத்தது. பாதம் மட்டும் துணியை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கையும் காலும் ஒரே நேரத்தில் தளரக் கூடாது. அவ்வளவுதான் பாடம். அன்று முதல் என் உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று பிறகுதான் புரிந்தது. தசை சுருங்கி எடையைத் தூக்கும்போது தாங்குவதைவிட, நீண்டுகொண்டே எடையை இறக்கும்போது அதிகச் சுமையைத் தாங்கும். தூக்க முடியாத எடையையும் மெதுவாக இறக்க முடிவது இதனால்தான். புல் அப் ஒன்றுகூட எடுக்க வராதவர்களை ஜிம்களில் முக்காலி போட்டுக் கம்பிக்கு மேலே நிறுத்தி, மெல்ல இறங்கச் சொல்லிப் பழக்குவார்கள். அந்த வலுவை வைத்தே பிறகு மேலே இழுக்கவும் வந்துவிடும். துணியிலும் அப்படியே நடந்தது. எண்ணி இறங்கப் பழகிய பிறகுதான் எனக்கு மூச்சு வாங்காமல் ஏற வந்தது. ஆக, இறங்குவதைப் பாடத்திலிருந்து விடுகிறவர்கள் பாதுகாப்பை மட்டும் விடவில்லை, புதியவருக்கு வலு வளர்க்கும் எளிய வழியையும் சேர்த்தே விடுகிறார்கள். எங்கள் ஆசிரியை திரும்பி வந்ததும் பழைய முறை திரும்பிவிட்டது. தனியாக நின்று பேசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வகுப்பில் புதிய நிலை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்.

ஜூடோவை 1882-இல் தொடங்கியவர் ஜப்பானின் கானோ ஜிகோரோ. இன்றும் அதில் சேர்ந்தவுடன் சொல்லித்தருவது விழும் முறையைத்தான். எதிராளியைத் தூக்கி எறிவதெல்லாம் பிறகு. ஒரு ஊஞ்சல் கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பறக்கும் டிராபீஸை 1859 நவம்பர் 12 அன்று பாரிஸில் முதன்முதலாக மேடையேற்றிய ஜூல் லியோதார்கூட, துலூஸ் நகரில் தன் தந்தையின் உடற்பயிற்சிக் கூடத்தில் நீச்சல் குளத்துக்கு மேலேதான் பழகினார். உயரத்தில் வேலை என்றால் கீழே வருவதை முதலில் யோசிப்பது இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. அது ஃபிட்னஸ் வகுப்பாக மாறிய இடத்தில்தான் தொலைந்திருக்கிறது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. உச்சியில் எடுத்த படத்தைப் பார்த்து நாலு பேர் சேருவார்கள். நிதானமாகத் தரைக்கு வருகிறவரை யார் படமெடுக்கிறார்கள்?

இவ்வளவு குறை சொல்கிறவள் ஏன் இன்னும் போகிறாள் என்று கேட்கலாம். தலைகீழாவதற்காகப் போகிறேன். முதல்முறை கவிழ்ந்தபோது "வலது காலை மடக்குங்கள்" என்றார் ஆசிரியை. நான் இடது காலை மடக்கினேன், பக்கத்துத் துணியில் இருந்தவரும் இடதையே மடக்கினார். தலை கீழே போனதும் வலம், இடம், முன், பின் எல்லாம் குழம்பிவிடுகின்றன. அதனால் நல்ல ஆசிரியர்கள் அப்போது வலம் இடம் சொல்வதில்லை, "துணியைத் தொடும் கால்" என்பார்கள். மாதங்கள் போகப் போக அந்தக் குழப்பம் தெளிந்தது. என் கணுக்கால் எங்கே இருக்கிறது, முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணால் பார்க்காமலே தெரிகிறது. இத்தனை வயதுக்குப் பிறகு சொந்த உடம்பைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வேறு எந்தப் பயிற்சியும் எனக்குத் தந்ததில்லை. ஓடியிருக்கிறேன், எடை தூக்கியிருக்கிறேன், நீந்தியிருக்கிறேன். அவற்றில் உடம்பு வேலை செய்தது. இதில் உடம்பு யோசிக்கிறது. வகுப்பு இருக்கும் நாளில் காலையிலிருந்தே மனம் துள்ளும்.

எல்லாரும் கவிழ்ந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தலைகீழாகும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும். கிளாகோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் துணியைத் தொடாதீர்கள். உடை முழங்காலையும் அக்குளையும் மூடியிருக்கட்டும். துணி எவ்வளவு நீளும் என்று கேட்டுக்கொள்வது நல்லது: அதிகம் நீளும் துணியில் முதல் பிடியின் உயரத்தைத் துணியே தின்றுவிடும். உள்ளங்கை வியர்த்தால் தடவிக்கொள்ள ரோசின் என்னும் பைன் மரப் பிசின் வைத்திருப்பார்கள். அதை அளவாகப் பயன்படுத்துங்கள், அடுத்து ஏறுபவரின் துணி அது.

இனித் தோழிக்கான பதில். நான் அடுத்த தவணைக்குப் பணம் கட்டிவிட்டேன். உன்னைச் சேர வேண்டாம் என்கிறேன். இரண்டும் பொருந்தவில்லை என்று நீ சண்டைக்கு வருவாய், வா. எனக்கு இறங்கத் தெரியும், அதனால் அந்த வகுப்பில் கிடைக்கும் நல்லதையெல்லாம் என்னால் எடுத்துக்கொள்ள முடிகிறது. உனக்குத் தெரியாது, அங்கே யாரும் சொல்லித்தரவும் போவதில்லை. வேறு இடம் பார். முன்னோட்ட வகுப்புக்குப் போனால், ஏறும் முன்பே இறங்குவது எப்படி என்று காட்டச் சொல். உன்னைப் பாதி உயரத்தில் நிறுத்தி, பாதத்தருகே குனிந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அன்றே பணம் கட்டு. "அதெல்லாம் தானாக வரும்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

அந்தப் புதிய பெண் இந்த வாரம் வரவில்லை. வந்தால் வார்ம் அப்புக்கு முன்பே அவளை ஓரத்துத் துணிக்கு அழைத்துப்போய் மூன்று பிடி ஏறி இறங்கிக் காட்டப்போகிறேன், ஆசிரியை என்ன நினைத்தாலும் சரி.