ஆண்டு போடாத நேர்காணல்கள்

எழுத்தாளர்களின் நேர்காணல்களைத் திரட்டி வெளியிட்ட தடித்த தொகுப்பு ஒன்று நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. பதிப்பகத்தார் அண்மையில் அதன் விலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள் என்றும், இப்போது வாங்கலாமா என்றும் மன்னார்குடி நண்பர் கேட்டிருக்கிறார். அடையாளம், இறைநம்பிக்கை, குடும்பம், ஊர் ஆகியவற்றைச் சுற்றியே உரையாடல்கள் நடக்கின்றன என்பதும், பேசியவர்களில் பலர் நம் காவிரிப் படுகைக்காரர்கள் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். ஆகையால் பல ஆண்டுகள் படித்துப் பழகியவனுக்கு மட்டுமே தெரியக்கூடியதைச் சொல்கிறேன்.

புத்தகத்தின் கட்டுமானம் மோசம். பசை பைண்டிங் என்பதால் நடுவில் பிளந்து தாள்கள் உதிரத் தொடங்கின. கும்பகோணத்தில் கணக்குப் பேரேடுகள் கட்டித் தரும் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். பசை பைண்டிங்கில் ஃபாரங்களின், அதாவது மடித்த அச்சுத்தாள் கட்டுகளின், மடிப்பை வெட்டிவிடுவதால் மடிப்பில் ஊசி போட வழியில்லை; ஓரத்தில் துளையிட்டுத்தான் தைக்க முடியும். அதனால் உள் ஓரம் குறுகி, வரியின் உள்ளோர எழுத்தைப் பார்க்க ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்வேன். இந்த அளவுக்குப் புரட்டப்பட்ட புத்தகம் என் அலமாரியில் வேறு இல்லை.

அதற்குக் காரணம் கேள்விகள். அடையாளம் பற்றி நேராகக் கேட்கும்போது எழுத்தாளர்கள் மேடைகளில் பலமுறை சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிடுகிறது. தம் சாதியையும் கடவுளையும் தாம் துறந்த வரலாற்றை ஒரு மூத்த எழுத்தாளர் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வருகிறார். இடையில், உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார் என்று கேட்கிறார்கள். அவர் பேச்சு அங்கே தடுமாறுகிறது. கணவனை இழந்து தங்கை வீட்டுக்கே வந்துவிட்ட பெரியம்மா, எல்லாரும் உண்டு எழுந்த பிறகு கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பானையின் அடியில் ஒட்டியிருந்த சோற்றை நீர் ஊற்றிக் கரைத்துக் குடித்ததையும், கார்த்திகைக்கு விளக்கேற்ற மட்டும் அவரைக் கூடத்துக்குள் விடாததையும், அதைப் பார்த்த வயதில் தமக்குக் கடவுள்மீது வந்த கோபத்தையும் இரண்டு பக்கங்களுக்குச் சொல்கிறார். முன்னால் அடுக்கிய கொள்கைகள் எல்லாம் அந்தத் தாழ்வாரத்திலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் விளங்குகிறது. இப்படிக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பேச்சு எப்போது நடந்தது என்று எங்கும் போடவில்லை. தொகுப்பில் உள்ள எந்த நேர்காணலுக்கும் ஆண்டு கிடையாது. முதலில் வந்த இதழின் பெயரும் கிடையாது. படிக்கும்போதெல்லாம் இந்தக் குறை உறுத்துகிறது. பழகப் பழக உறுத்தல் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

நாகப்பட்டினம் கரையோரத்தைச் சேர்ந்த ஒருவர், முருகனைக் கும்பிடும் தம் தந்தை தர்காவின் கந்தூரி விழாவுக்கு நாகூருக்கும் செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனதைச் சொல்லி, கடலும் தமக்குத் தெய்வந்தான், அது தம் குடும்பத்தைக் கைவிட்டதில்லை என்கிறார். இதை அவர் 2004 டிசம்பர் 26-க்கு முன் சொன்னாரா, பின் சொன்னாரா? முன் என்றால் அது கரையோரத்துப் பிள்ளையின் இயல்பான நம்பிக்கை. பின் என்றால், ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போன ஊர்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு மனிதர் சொன்ன சொல். அதை எழுந்து நின்று கேட்க வேண்டும். எந்த மரியாதையோடு படிப்பது என்றே தெரியாமல் வாசகனை நிறுத்திவைப்பது என்ன நியாயம்?

திருவாரூர்ப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தம் ஊரில் எல்லாத் தெருவினரும் உறவுபோல வாழ்ந்ததாகச் சொல்கிறார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகும் அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

தேதியை நாமே ஊகித்துக்கொள்ளலாமே என்பார்கள். முயன்றிருக்கிறேன். நாகப்பட்டினத்தைத் தஞ்சை மாவட்டம் என்று சொன்னால், அது தனி மாவட்டமான 1991-க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய தலைமுறை இன்றும் ஒன்றுபட்ட தஞ்சையாகத்தான் பேசுகிறது. பாசனத்துக்காக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதைத் தம் தந்தை ஒரு வேண்டுதலைப்போல எதிர்பார்த்திருந்ததாக ஒருவர் சொல்கிறார். 2012 முதல் 2019 வரை அந்தத் தேதியில் அணை திறக்கப்படவே இல்லை. அந்த ஆண்டுகளில் சொல்லப்பட்டிருந்தால் இதே வாக்கியத்தில் இருப்பது புலம்பல்.

நம்பிக்கையும் ஊர்ப்பற்றும் ஒருவருக்குள் ஒரே இடத்தில் நிற்பவை அல்ல. கும்பகோணத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த எம்.வி. வெங்கட்ராம், காதுக்குள் ஓயாமல் கேட்ட குரல்களோடு நெடுங்காலம் போராடி, அந்த அனுபவத்தையே ‘காதுகள்’ நாவலாக்கி 1993-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவர் முருகனைப் பற்றிச் சொல்லும் ஒரு வாக்கியம், அக்குரல்களுக்கு முன்னா, நடுவிலா, பின்னா என்பதைப் பொறுத்தே பொருள்படும். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் நாவல் வெளியிட்டது 1938-இல். எழுதுவதற்கு என் வீட்டில் தடையில்லை என்று ஒரு முஸ்லிம் பெண் அந்த ஆண்டில் சொல்வதும் அறுபது ஆண்டுகள் கழித்துச் சொல்வதும் ஒன்றாகுமா?

சிதறிக் கிடந்த சிற்றிதழ்களைத் தேடிப் பிடித்துத் தொகுத்த உழைப்பு பெரிது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான சிற்றிதழ்களில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். தட்டச்சு செய்தவரின் கண்முன்னே இருந்த ஒரு வரி அது. அதை விட்டுவிட்டு, அட்டை வடிவமைத்தவருக்கு முழுப் பக்க நன்றி எழுதியிருக்கிறார்கள். பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு என் பதில், பாதி விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே. கிடங்கில் தேங்கியதை இப்படித் தள்ளிவிட்டால் அடுத்த பதிப்பிலும் ஆண்டு இருக்காது. ஒவ்வொரு நேர்காணலின் கீழும் இதழ், மாதம், ஆண்டு என்று ஒரே வரி சேர்த்துத் தையல் பைண்டிங்கில் கொண்டுவரட்டும். முழு விலைக்கு மேலும் கொடுத்து நானே இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை மன்னார்குடிக்கு அனுப்புகிறேன்.