கையால் செய்த வாழ்த்தும் பரிசும்: சில வருசம் கழித்து எது மிஞ்சுகிறது

வாழ்த்து அட்டை செய்யச் சொல்லித்தருகிற வீடியோ எல்லாமே அட்டை முடிந்த நிமிடத்தோடு நின்றுவிடும். பசை காயும் முன்னே, முத்தெல்லாம் மினுக்கும்போது எடுத்த படம் அது. ரெண்டு கோடை கடந்த பிறகு அதே அட்டை என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. நான் இருப்பது பெருந்துறைப் பக்கம். பத்து வருசத்துக்குப் பக்கமாகச் சொந்தக்காரர்களுக்கும் கூட்டாளிகளுக்கும் அட்டை, சின்னச் சின்னப் பரிசு எல்லாம் வீட்டிலேயே செய்துதான் கொடுக்கிறேன். நம்ம பக்கம் ஒரு காதுகுத்து, ஒரு சீர் என்றால் ஒறம்பரை வீட்டுக்குப் போகாமல் தீராது. போகிற வீட்டில் எல்லாம் ஷோகேஸிலோ, பீரோக் கதவிலோ, சாமி அலமாரியிலோ நான் முன்னே கொடுத்தது ஏதாவது கண்ணில் படும். பல்லிளித்துக் கிடப்பதும் படும், செய்த அன்றைக்கு இருந்தபடியே நிற்பதும் படும். அதை வைத்து எழுதுவதுதான் இது. ஆர்டர் எடுத்து விற்கிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. அவர்கள் கணக்கு வேறு.

முதலில் காகிதம். ஜெராக்ஸ் எடுக்கிற தாள் பெரும்பாலும் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம். வாழ்த்து அட்டைக்கு 250க்குக் குறையக் கூடாது. 300 இருந்தால் நிம்மதி. பள்ளிபாளையத்தில் ஒரு காகித ஆலை, கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் தாள் செய்கிற டி.என்.பி.எல். என்று ரெண்டு பெரிய ஆலைகளுக்கு நடுவில்தான் குடியிருக்கிறோம். இருந்தும் ஊர்க் கடையில் அட்டை கேட்டால் சார்ட் பேப்பரைத்தான் சுருட்டி நீட்டுவார்கள். சார்ட்டில் செய்தது எதுவும் எந்த வீட்டிலும் நிமிர்ந்து நிற்கவில்லை. சுருட்டின வளைவு கடைசி வரை போகாது. சன்னலோரம் வைத்தால் நிறமும் வெளுத்துவிடுகிறது. அதனால் கோயமுத்தூர் போகிறபோது டவுன்ஹால் பக்கம் 300 ஜிஎஸ்எம் வெள்ளையும் சந்தன நிறமும் மொத்தமாக வாங்கி வந்துவிடுவேன்.

எடை விசயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 300 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று கிட்டத்தட்ட 19 கிராம் வரும். அதை முழுசாக மடித்து உறையில் போட்டால் தபாலின் முதல் 20 கிராம் எல்லையைத் தாண்டிவிடும். ஸ்டாம்ப் குறைந்தால் வாழ்த்து வாங்குகிறவரிடம்தான் தபால்காரர் காசு கேட்பார். பிறந்தநாள் அதுவுமாக இது தேவையா? தாளை ரெண்டாக வெட்டி மடியுங்கள். ரெண்டு அட்டை கிடைக்கும், ஒவ்வொன்றும் பத்து கிராமுக்குள் நிற்கும்.

மடிப்புக்கு வருவோம். கடை அட்டைக்கும் கை அட்டைக்கும் வித்தியாசம் தெரிவது அலங்காரத்தில் அல்ல, இங்கேதான். காகிதத்துக்கு நார் ஓடுகிற திசை ஒன்று இருக்கிறது. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இலகுவாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவான பக்கம் மடித்தால் கோடு நறுக்கென்று விழும். முரண்டு பக்கம் மடித்தால் முதுகு வெடித்து உள்வெள்ளை தெரியும். வருசம் போகப் போக அந்த வெடிப்பு பெருசாகிறது. மடிக்கும் முன் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இழுத்த பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம், பின்னால் புடைத்த மேடு உள்பக்கம். பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பதுதான் வசதி என்று தோன்றும், ஆனால் அப்படி மடித்தால் நார் இழுபட்டு முதுகு சீக்கிரம் கிழிகிறது. இதற்கென்றே விற்கிற மடிப்புப் பலகையும் எலும்புக் கத்தியும் என்னிடம் இருக்கின்றன. பேனா செய்கிற வேலைக்கு மேல் அவை ஒன்றும் செய்வதில்லை.

வெட்டுகிற சாமான்களில் காசு போடலாம். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்துகிற கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பச்சை நிற வெட்டுப் பாய், இவ்வளவுதான். கட்டர் நுனியை ஒடிக்கக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மழுங்கின பிளேடுதான் காகிதத்தின் ஓரத்தைப் பிசிறடிக்கும், விரலையும் பதம் பார்க்கும். வெட்டுப் பாய் நல்லதாக அமைந்தால் பல வருசம் வரும். என்னுடையது இன்னும் உழைக்கிறது. சித்திரை வெயிலில் காருக்குள்ளேயோ, சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் சுவரோடு சாய்த்தோ வைத்தால் மட்டும் பொரித்த அப்பளமாக நெளிந்துவிடும். நெளிந்தது பிறகு சரியாக நிமிராது. கட்டிலுக்கு அடியில் படுக்கை வசமாகப் போட்டு வையுங்கள்.

பசையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். உதிர்ந்து கிடந்ததில் பெரும்பாலானவை பசையால்தான் கெட்டிருந்தன. ஹாட் குளூ துப்பாக்கி வீடியோவில் பார்க்க ஜோராக இருக்கும். இங்கத்திய வெயிலுக்கு அது ஆகாது. சூட்டில் இளகி ஒட்டுவது சூட்டிலேயே இளகி விடவும் செய்கிறது. நங்கையா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொட்டாங்குச்சியில் செய்து கொடுத்த தோரணத்தில், வெயில் படுகிற வாசல் பக்கத்துத் துண்டுகள் மட்டும் கழன்றுவிட்டன. உள்பக்கத்தவை அப்படியே இருந்தன. பொருள் ஒன்று, செய்த கை ஒன்று, பசையும் ஒன்றுதான். வெயில் மட்டும்தான் வேறு.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை காய்ந்தால் கெட்டி. மெல்லிய தாளில் கூடுதலாகத் தடவினால் ஈரத்தில் தாள் சுருங்கி அலையடிக்கும். ஒரு சொட்டு வைத்துப் பழைய ஏடிஎம் கார்டால் இழுத்துப் பரப்பி, மேலே கனமான புத்தகத்தை இரவெல்லாம் ஏற்றி வைத்தால் அலை வராது. இருபக்க டேப் அந்த நேரத்துக்குச் சுத்தம், ஆனால் மலிவான ரகம் சில வருசத்தில் மஞ்சளாகி, ஒட்டின தாளிலும் கறை விடுகிறது. ஒளிபுகும் சாதா டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்பிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், பழைய போட்டோ ஒன்றை யாரோ அதை வைத்து ஒட்டி, முகத்தின் குறுக்கே பழுப்புப் பட்டை விழுந்திருக்கிறது. மைதாப் பசை கைக்குச் சுகம், காசும் இல்லை. ஆனால் பீரோவில் திரிகிற வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. மாவைத் தேடிக் காகிதத்தையும் சேர்த்து அரித்துவிடும். பழைய பைண்டிங்காரர்கள் அதற்காகத்தான் மயில்துத்தம் கலப்பார்கள். அது விசம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

ஒட்டு முத்து, மினுமினுப்புத் தூள், சாட்டின் பூ இதெல்லாம் நான் இப்போது வாங்குவதில்லை. முத்து உதிர்கிறது. தூள் அட்டையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற எல்லார் சட்டையிலும் ஒட்டுகிறது. மெல்லிய காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்கிற குவில்லிங் சுருள் அப்படியல்ல. ஆழமான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் நன்றாகவே நிற்கிறது. திறந்து வைத்தால் சுருளுக்குள் தூசி இறங்கும், துடைக்கவும் முடியாது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றில் எங்கள் பக்கம் தூசிக்கு என்ன பஞ்சம்?

எல்லாரும் சிலாகித்தது காசு கொடுத்து வாங்காத ஒன்றை. பொங்கல் நோம்பிக்கு முந்தின நாள் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டுகிறோமே பூளைப்பூ, அதுதான். பறிக்கும்போதே பாதி காய்ந்த பஞ்சாகத்தான் இருக்கும், அதனால் வாடவும் கறுக்கவும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. காம்போடு ஒரு கொத்தைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து ஒரு வாரம் அழுத்தி, காம்பை மட்டும் ரெண்டு இடத்தில் நூலால் அட்டையோடு தைத்துவிடுவேன். பசை இல்லை, கறை இல்லை. ஆவாரம்பூ இதழும் மஞ்சள் மாறாமல் காய்கிறது, ஆனால் தொட்டால் பொடியும், உறைக்குள் போட்டு அனுப்பத் தோதுப்படாது. கோயமுத்தூரில் இருக்கிற கூட்டாளி ஒருத்தி அந்தப் பூளைப்பூ அட்டையை அமெரிக்காவில் இருக்கிற மகனுக்கென்று கேட்டு வாங்கிப் போனாள். செடி, விதை என்றால் வெளிநாட்டுச் சுங்கத்தில் கேள்வி வரும், படம் வரைந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019 வாக்கில் மஞ்சளில் சாயம் ஏற்றுகிற கிறுக்கு பிடித்தது. மஞ்சள்தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, தடித்த தாளில் பூசிக் காயவைத்து, அதன்மேல் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் தூரிகையைத் தொட்டு எழுதினால் எழுத்து சட்டென்று சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடக்கிற அதே வேலைதான். வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், அரை நாள் செல்போன் கேட்க மாட்டார்கள். ஆனால் அது நாள்பட நிற்காது. சிவப்பு காயக் காயப் பழுப்படித்து மங்கும், மஞ்சளோ வெளிச்சத்தில் வெளுக்கும். சுவரில் மாட்டுவதற்கு இல்லை, அன்றைக்குக் கொடுத்து அன்றைக்கு ரசிப்பதற்கு.

எழுத்து விசயத்தில் அம்முச்சிதான், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிதான், எனக்குக் கறாரான விமர்சகர். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு அடுக்கடுக்காகத் திறக்கிற அட்டை ஒன்று கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இத்தன பூவு எதுக்கு? எழுத்தப் பெருசா எழுதியிருந்தா நானே படிச்சிருப்பனல்லோ" என்றார். அதிலிருந்து பெரியவர்களுக்கு அட்டை என்றால் முன்பக்கம் சும்மா ஒரு கோடு, உள்ளே விரல் அகல எழுத்து. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வெளிச்சத்தில் சாயம் போய்விடும். தண்ணீர் பட்டாலும் கரையாத நிறமி மைப் பேனா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதில் எழுதியது இன்றைக்கும் கறுப்பாகவே இருக்கிறது.

பரிசுப் பொருளில் திருப்பூர் பக்கத்தில் இருப்பது எங்களுக்கு யோகம். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும். மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணியைக் குறுக்குவாக்கில் ரெண்டு சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி, ரெண்டு கையாலும் இழுத்துவிட்டால் ஓரம் உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். நீளவாக்கில் வெட்டினால் அவ்வளவாக இழுபடாது, சுருளும் சரியாக விழாது. பார்சல் கட்ட, கைப்பிடி பின்ன, பாத்திரம் வைக்கிற வளையம் பின்ன எல்லாவற்றுக்கும் அந்தக் கயிறுதான். ரிப்பன் வாங்குவதை அதோடு விட்டேன்.

பவானி ஜமக்காளத்தின் துண்டுகளில் தைத்த பைதான் எல்லா வீட்டிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. குறுக்கே ஓடுகிற ஊட்டு நூல் தடிமனாக நெருக்கி அடித்த நெசவு, அதனால் வெட்டின உடனே ஓரம் பிரிந்து கொட்டும். வெட்டுவதற்கு முன்பே கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தையல் ஓட்டிவிட வேண்டும். வீட்டு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசிக்குக் குறைந்தால் ஒடிந்துவிடும். 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்தும் பவானி என்ற பெயரில் விசைத்தறித் துணி சந்தையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பைக்கு அது சரிவராது, மெலிசு. நெசவாளர் சங்கக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

போட்டோ பிரேம் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. படத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியில் பிடித்துக்கொண்டால் பிரிக்கும்போது உரிந்து வரும். நடுவில் அட்டையில் ஒரு சன்னல் வெட்டி வைத்தால் இடைவெளி கிடைக்கும். படமும் வீட்டு இங்க்ஜெட்டில் எடுக்காமல் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டதாக இருக்கட்டும்.

கூரியரில் ஒருமுறை அனுப்பிய அட்டை நடுவில் மடங்கிப் போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கு, "டாக்குமெண்ட்னு நெனச்சுட்டோமுங்க" என்றார்கள். டாக்குமெண்டை மட்டும் மடிக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். அதிலிருந்து உறைக்குள் பழைய நோட்டு அட்டை ஒன்றை முதுகுக்கு வைத்துத்தான் அனுப்புகிறேன். அப்படி அனுப்பும்போது 20 கிராம் கணக்கு தாண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செட்டு செட்டாக விற்கிற கைவினைப் பெட்டியை வாங்காதீர்கள். அதில் பாதி முத்தும் தூளுமாகத்தான் இருக்கும். கட்டர், ஸ்கேல், பாய், ஒரு கட்டு 300 ஜிஎஸ்எம் தாள், ஒரு நிறமி மைப் பேனா, வெள்ளைப் பசை இவ்வளவும் வாங்க ஆயிரம் ரூபாய்க்கு அப்படி இப்படி ஆகும். கடை அட்டையை விட மலிவு என்று மட்டும் நினைத்து இறங்க வேண்டாம். ஒரு அட்டைக்கு ஒரு பொழுது போய்விடும். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு நூறு அழைப்பிதழ் கையால் செய்து தரச் சொல்லிக் கேட்பார்கள். அச்சகத்தைக் கை காட்டிவிட்டு, மணமக்களுக்கு மட்டும் ஒன்று செய்து கொடுங்கள்.