பைத்தானின் பிபிரிண்ட்: பிழை தேடுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு

சர்வர்களிலிருந்து வரும் தரவைப் பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. டிக்ஷனரிக்குள் (ஒவ்வொரு மதிப்பையும் ஒரு ‘கீ’யோடு சேர்த்து வைக்கும் அமைப்பு) லிஸ்ட், அதற்குள் இன்னொரு டிக்ஷனரி என்று போகும் தரவைச் சும்மா பிரிண்ட் போட்டால் எல்லாம் ஒரே வரியாகக் கொட்டும். எந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று தேடியே கண் பூத்துவிடும். பைத்தான் புரோகிராமிங் மொழியோடு சேர்ந்தே வரும் பிபிரிண்ட் (pprint) மாட்யூல் இதற்கென்றே இருக்கிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

புதியவர்கள் நேராக பைத்தான் 3.8 பதிப்பில் இந்த மாட்யூலுக்குள் வந்த பிபி (pp) ஃபங்ஷனுக்கே போங்கள். மாட்யூலின் பெயரிலேயே உள்ள பழைய ஃபங்ஷன், நாம் தடுக்காவிட்டால், கீகளை அகரவரிசையில் அடுக்கிவிடும். பிபி தரவு வந்த வரிசையிலேயே காட்டும். டெப்த் (ஆழம்) 2 என்று கொடுத்தால் இரண்டு அடுக்கோடு நின்று, அதற்குக் கீழே இருப்பதை மூன்று புள்ளிகளாக்கிவிடும். முன்பின் பார்க்காத தரவு கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

குறையும் உண்டு. வரி அகலம் 80 எழுத்து என்று வைத்திருப்பதால், நீண்ட வாக்கியத்தைத் துண்டாக்கி வரிக்கொரு மேற்கோள் குறிக்குள் போடுகிறது. பிறகு லாக்கில் (புரோகிராமின் பதிவில்) அந்த வாக்கியத்தைத் தேடினால் சிக்காது. விட்த் என்ற அந்த அகலத்தைக் கூட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘ஜேசான் டம்ப்ஸில் இன்டென்ட் 2 கொடுத்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தரவை ஜேசான் (JSON) என்ற பொதுவான எழுத்து வடிவத்துக்கு மாற்றும் பைத்தான் ஃபங்ஷன் அது; இன்டென்ட் என்பது ஒவ்வொரு அடுக்கையும் உள்தள்ளும் இடைவெளி. பார்க்க அது இன்னும் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்த் தரவைக் கொடுத்துப் பாருங்கள்: ‘அம்மா’ என்ற சொல் 5 யூனிகோடு எஸ்கேப்களாக (\u0b85 போன்ற குறியீடுகள்), 30 எழுத்து நீளத்துக்கு விரிந்து நிற்கும். என்ஷ்யூர் ஆஸ்கி (ensure_ascii) என்ற டம்ப்ஸின் விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கினால்தான் தமிழ் தமிழாக வரும். பிபியில் அந்தத் தொல்லையே இல்லை. தேதி ஆப்ஜெக்ட் ஒன்று உள்ளே இருந்தாலும் டம்ப்ஸ் டைப் எரர் கொடுத்து நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டம்ப்ஸ் தரவை ஜேசானாக மாற்றித்தான் காட்டுகிறது: 7 என்ற எண் கீ, மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்காகிவிடும் (எழுத்துத் தொடர்), டியூப்பிள் (மாற்ற முடியாத வரிசை) லிஸ்ட்டாகிவிடும். ‘கீ இருக்கிறதே, ஏன் கீ எரர்?’ என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் நேரத்தில், எண்ணா ஸ்ட்ரிங்கா என்ற அந்த வித்தியாசம்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிபி அதை உள்ளபடியே காட்டும். வேறொரு புரோகிராமுக்கோ வெளியாருக்கோ கொடுக்கும் ஃபைல் என்றால் மட்டும் டம்ப்ஸுக்குப் போங்கள்.