வாக்கு, தறப்பாள், கடுதாசி: பிடிக்காத அரசிடம் கோபத்தைச் சொல்ல எது உதவும்?

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் வவுனிக்குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன். 2021இல் எமது கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் இருந்தேன். அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி மூலம் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. அதன் பலனை நாம் மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்தில் கண்டோம். கிளைத்துப் பருக்க வேண்டிய பயிர் ஒற்றைத் தண்டாக மெலிந்து நின்றது. அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, கையால் தொட்டால் முறியும் அளவுக்குக் காய்ந்திருந்தன. அந்த வயல் வரம்பில் நின்றபோது வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்ற கேள்விக்கு எம் முன்னே மூன்று வழிகள் இருந்தன: அடுத்த தேர்தலில் வாக்கால் தண்டிப்பது, வீதியில் தறப்பாள் கட்டி இருப்பது, தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்பது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், என் சாய்வு கடுதாசியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாக்கைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஓர் ஆட்சியைச் சட்டப்படி அகற்ற அதைவிட வலிய கருவி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வன்னியில் இருந்து பார்க்கும்போது அதில் இரண்டு குறைகள் உள்ளன. 2019 ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் வாக்குகளில் 82 வீதம் கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கே விழுந்தது. அதாவது, நாடு முழுவதும் கோட்டாபய மீது வெறுப்புக் கொள்வதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே எமது மக்கள் தமது மறுப்பைப் பதிவுசெய்துவிட்டார்கள். அவரோ 52 வீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார். இரண்டாவது குறை, தேர்தல் நாளைக் குறிக்கும் அதிகாரம் எம்மிடம் இல்லாதது. 2022 ஜூலை 14இல் அவர் பதவி விலகிய பின்னர், அடுத்த ஜனாதிபதியாக ரணில் விக்கிரமசிங்கவை 134 பாராளுமன்ற உறுப்பினர்களே தெரிவுசெய்தார்கள். 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. வாக்களிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. நான் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. பசளை இல்லாமல் பயிர் மஞ்சளாகும் நாளில் அந்த வாக்கு கைக்கு எட்டுவதில்லை என்பதே என் குறை.

வீதிப் போராட்டத்தின் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. தெற்கிலும் வடக்கிலும் கமக்காரர்கள் வீதிக்கு வந்திராவிட்டால் 2021 நவம்பர் 24ஆம் திகதி அந்த அரசு பசளைத் தடையிலிருந்து பின்வாங்கியிருக்காது. 2022 ஏப்ரல் 9இல் கொழும்பு காலிமுகத்திடலில் கூடியவர்கள் மூன்று மாதத்தில் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓட வைத்தார்கள். நான் அங்கே நின்றவன் அல்ல. ஆகவே அந்தத் திடலின் உள்ளே என்ன நடந்தது என்று நியாயம் பேச எனக்குத் தகுதி போதாது. எமது பக்கத்தில் பலர் அதைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் காணிக்காகவும் நாம் வீதியில் இருந்தபோது தெற்கிலிருந்து அத்தனை பேர் வரவில்லையே என்ற மனத்தாங்கல் இருந்தது. ஆனாலும் அந்த ஆண்டு மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது என்று கேள்விப்பட்டபோது என் கண் கலங்கியது உண்மை.

எமது சொந்த முயற்சி மிகச் சிறியது. 2021 ஒக்டோபரில் மல்லாவிச் சந்திக்கு அருகே நான்கு கம்பு நட்டு, நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டிக்கொண்டு இருந்தோம். முதல் நாள் இருக்க இடமில்லாத அளவுக்குச் சனம். இரண்டாம் நாள் மழை வந்தது. விதைக்காதவர்கள் விதைக்க ஓடினார்கள். மூன்றாம் நாள் சிவில் உடையில் வந்த இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பெடியன்களை அனுப்பத் தாய்மார் பயந்தார்கள். அன்று பின்னேரம் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது எமது பொருளாளர், “அண்ணை, நாளைக்கு ஆர் இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான்காம் நாள் மாலை தறப்பாளை அவிழ்த்தோம்.

நான் இந்த மூன்று வழிகளையும் நிறுக்கும்போது கையில் எடுக்கும் படிக்கல் அந்தக் கேள்விதான். ஒரு வழியைத் தொடங்குவது பெரிய காரியமல்ல. அதை இருநூறாவது நாளிலும் யார் தாங்குவது என்பதே பெரிய காரியம். வீதியில் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் ஆள் வேண்டும். ஓர் ஆள் என்பது ஒரு நாள் கூலி, ஒரு நாள் சமையல், பார்க்க ஆளில்லாத ஒரு மாடு. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டமும், முல்லைத்தீவில் அதே ஆண்டு மார்ச் 8இல் தொடங்கியதும் ஆண்டுக்கணக்காக நீண்டன. மைத்திரிபால சிறிசேன, கோட்டாபய, ரணில், அநுர குமார திசாநாயக்க என்று ஜனாதிபதிகள் மாறினார்கள். பிள்ளையைக் கேட்டு இருந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடினார்கள். அவர்கள் கேட்பது உயிர். அதற்கு இருக்கும் இடமும் பொறுமையும் வேறு. அதனுடன் எமது பசளைப் பிரச்சினையை ஒப்பிட்டுக் கடுதாசியே சிறந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அம்மாமாரின் தியாகத்தை எல்லாப் பிரச்சினைக்கும் எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது என்பதை எமது நான்கு நாட்கள் எனக்குக் காட்டின.

கடுதாசிக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்; ஏன் கேட்கிறீர் என்று அவர் வினவ முடியாது. தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, மேன்முறையீட்டைக் கேட்பதற்கென அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் திருப்தி இல்லையெனில் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒவ்வொரு படியிலும் நாட்கணக்கு இருப்பதுதான் இதன் பலம், ஏனென்றால் அந்த நாட்கள் ஓடும்போது நாம் வயலில் வேலை செய்யலாம்.

தறப்பாளை அவிழ்த்த கிழமையில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். “எமது கமக்காரருக்கு ஏன் அநீதி இழைக்கப்பட்டது” என்று ஒரு பக்கத்துக்கு ஆத்திரம் தீர எழுதிய முதல் பிரதியை, ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா கிழித்துப் போட்டார். “ஏன் எண்டு கேட்டால் விளக்கம் தருவினம். எவ்வளவு, எப்ப, ஆருக்கு எண்டு கேள், பதிவேட்டைத் தரவேணும்” என்றார். அதன்படி, எமது பிரிவில் சேதனப் பசளையும் திரவ நைதரசன் பசளையும் எத்திகதியில், எவ்வளவு, எந்தெந்த அங்கத்தவருக்கு வழங்கப்பட்டன என்பதைக் காட்டும் பதிவேட்டின் பிரதியை மட்டும் கேட்டேன்.

பதில் உரிய நாளில் வரவில்லை. மேன்முறையீடு எழுதினேன். பிறகு ஒன்றரைப் பக்கத்தில் வந்தது. அதிலிருந்த அளவும் எமது அங்கத்தவர் கையில் கிடைத்த அளவும் ஒத்துப்போகவில்லை. எவர் மீதும் குற்றம் சுமத்த எனக்கு ஆதாரம் போதாது. எழுத்துப் பிழையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பிரதியெடுத்துக் கொண்டுபோய் வைத்தபோது, வழமையாக எம்மைக் கையமர்த்தும் உத்தியோகத்தர்கள் கதிரையை முன்னே இழுத்துக்கொண்டு வாசித்தார்கள். அடுத்த போகத்திலிருந்து விநியோகப் பட்டியலைச் சபையில் பெயர் பெயராக வாசித்து, அங்கேயே கையொப்பம் வாங்கத் தொடங்கினார்கள். பழுதாய்ப்போன விளைச்சல் திரும்பி வரவில்லை. எனினும் எமது கோபம் ஒரு நடைமுறையாக மாறி, அந்த அரசு போன பிறகும் நிலைத்தது.

இதற்கான செலவு ஒரு கோவையும் பதிவுத் தபால் கட்டணமும்தான். பற்றுச்சீட்டுகளைக் கடிதப் பிரதியின் மூலையில் குண்டூசியால் குத்தி வைப்பேன். மாரிக்கு ஊசி துருப்பிடித்துச் சீட்டில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது, திகதி இன்னும் வாசிக்க முடிகிறது.

கடுதாசியால் ஆகாதவையும் உண்டு. பசளைத் தடை என்ற முடிவைக் கொழும்பில் எடுத்தவர்களை என் விண்ணப்பம் தொடவே இல்லை. அதைத் தொட்டது வீதிதான். காணி, படை முகாம் போன்ற விடயங்களில் நான் விண்ணப்பித்ததில்லை. தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்திலேயே இடம் இருப்பதால் அங்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆணைக்குழு வரை போக வேண்டிய தேவையும் எனக்கு வரவில்லை. நாளைக்கே ஓர் அரசு மீண்டும் ஒரே இரவில் அப்படியொரு வர்த்தமானி வெளியிட்டால், முதல் நாள் நான் சந்திக்குத்தான் போவேன். ஐந்தாம் நாளைக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடந்த ஆண்டு செயலாளர் பதவியை ஒரு தங்கச்சியிடம் ஒப்படைத்தேன். கோவையைத் திறந்து, வாய்க்கால் புனரமைப்புச் செலவு பற்றிய விண்ணப்பம் எந்தத் திகதியில் போனது, பதினான்காவது வேலை நாள் எது, அன்று பதில் வராவிட்டால் எந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.