எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு வருடம்

கல்யாணம் மாலை 6.30க்கு. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் அதை 8.30 என்று படித்துவிட்டு மலேசியாவில் நான் இருக்கும் பட்டர்வொர்த்தில் இருந்து சாவகாசமாகக் கிளம்பினேன். மண்டபத்தில் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, முதல் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. "வெள்ளெழுத்து வந்திருச்சு, ஒத்துக்குங்க" என்றாள் மனைவி. 47 வயதில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆனாலும் கண்ணாடிக் கடைக்குப் போக மனசு வரவில்லை. போனைத் திருத்தினால் போதும் என்று அன்று ராத்திரியே உட்கார்ந்தேன்.

ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு இடம் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஃபாண்ட் சைஸ் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். டிஸ்பிளே சைஸ் (சில போன்களில் ஸ்கிரீன் ஜூம்) ஐகான், பட்டன், இடைவெளி என்று எல்லாவற்றையும் சேர்த்து ஊதிவிடும். நான் இரண்டையும் கடைசி வரை இழுத்துவிட்டேன். மறுநாள் காலையில் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, இது போன் இல்ல லா, சைன்போர்டு" என்றான்.

அவன் சொன்னது அன்றைக்கே பலித்தது. எதிரே பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் வேலை என்பதால் தினமும் பெர்ரிப் படகுதான். மீன் வாங்கி வரச் சொல்லி மனைவி அனுப்பியதைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, "தம்பி, சாயங்காலம் மீன் நல்லா இருக்காது, காலையிலேயே வாங்கிடணும்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் நான் கேட்கவில்லையே!

அதைவிடப் பெரிய தலைவலி வங்கிச் செயலி. எந்த வங்கி என்பது வேண்டாம். பணம் அனுப்பும் பக்கத்தில் உறுதி செய்யும் பட்டன் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது, பக்கமும் நகரவில்லை. மளிகைக் கடை வரிசையில் நின்றபடி செட்டிங்ஸைத் திறந்து, டிஸ்பிளே சைஸைக் குறைத்து, 18 ரிங்கிட் கட்டினேன். பின்னால் நின்றவர்கள் பொறுமைசாலிகள். அன்றோடு டிஸ்பிளே சைஸை அதன் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டேன், இன்று வரை தொடவில்லை. ஐகான் மட்டும் பெரிதாக வேண்டுமென்றால் ஹோம் ஸ்கிரீன் கட்டத்தை ஐந்து வரிசையில் இருந்து நான்காக்கினாலே போதும்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்குத் தனிப் பாடு இருக்கிறது. ஆங்கிலம் சின்னதாக இருந்தாலும் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி தெரியாவிட்டால் 'கண்' 'கண' ஆகிவிடும். 'ணு'வுக்கும் 'ணூ'வுக்கும் இடையில் ஒரு சுழிதான். அதனால் ஃபாண்ட் சைஸை நடுவில் இருந்து இரண்டு படி ஏற்றி, தடித்த எழுத்தையும் போட்டுக்கொண்டேன். தடித்த எழுத்து இவ்வளவு உதவும் என்று எதிர்பார்க்கவில்லை. வாட்ஸ்அப்பில் சாட்ஸ் பகுதிக்குள் தனியாக ஒரு எழுத்தளவு இருக்கிறது, அதையும் பெரியதில் வைத்திருக்கிறேன்.

2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14க்கு மாறிய பிறகு எழுத்தை 200 சதவீதம் வரை ஏற்ற முடிகிறது. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்புகள் அதே வேகத்தில் வளர்வதில்லை, சின்ன எழுத்துதான் அதிகம் வளர்கிறது. முன்பு போல 'செய்திக' என்று பாதியில் அறுந்து தொங்கும் தலைப்புகள் குறைந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என்னைக் கவிழ்த்த அந்த அழைப்பிதழ் ஒரு படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை எந்த ஃபாண்ட் சைஸும் தொடாது! நம் ஆட்கள் கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, காலை வணக்கம் எல்லாவற்றையும் படமாகத்தான் அனுப்புகிறார்கள். அதற்கு இரண்டு விரலால் விரிப்பதுதான் வழி. விரிக்க முடியாத பக்கங்களுக்கு அணுகல்தன்மைப் பகுதியில் மேக்னிஃபிகேஷனைப் போட்டு, மூன்று முறை தட்டிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அதைப் போட்ட பிறகு சாதாரணத் தட்டலுக்கு போன் ஒரு நொடி யோசிப்பது போலத் தோன்றும், அது எரிச்சல்தான்.

போன மாதம் அம்மாவின் போனையும் சரிசெய்து கொடுத்தேன். எழுத்து முழு அளவு, முதல் பக்கத்தில் நாலே ஐகான். வாங்கிப் பார்த்தவர், "எழுத்தெல்லாம் நல்லா தெரியுதுப்பா. பேரன் போட்டோ மேல எதுக்கு இத்தனை டப்பாவை அடுக்கி வச்சிருக்க?" என்றார். இரண்டு ஐகானை எடுத்துவிட்டேன்.