குழாய் விட்டார்கள், குடலைப் பார்க்கவில்லை

நாய் வளர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சு, எல்லாம் நார்மல்" என்று யாராவது சொன்னால், கேமராக் குழாயை விட்டு எதுவரை பார்த்தார்கள், பரிசோதனைக்கு எத்தனை சதைத் துண்டு எடுத்தார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. எங்கள் மணி அதற்காக ஒரு மாதம் கூடுதலாக அவதிப்பட்டான்.

மணிக்கு ஏழு வயது. ஐந்தாறு வாரமாக விட்டு விட்டு வாந்தி, தண்ணியாக வயிற்றுப்போக்கு. சாப்பாட்டில் குறையில்லை. ஆனாலும் உடம்பு கரைந்துகொண்டே போனது. தடவினால் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் பட்டது. நாங்கள் போன இடத்தில் எல்லாக் கருவியும் இருந்தது. அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். அவன் காலையில் சாப்பிட்டானா என்று ஒருவரும் கேட்கவில்லை. (சாப்பிட்டிருந்தான், வயிறு முட்ட.) வயிற்று முடியையும் மழிக்கவில்லை. முடிமேலேயே ஜெல்லைப் பிதுக்கி, கருவியை இப்படியும் அப்படியும் இழுத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரே வரி: "வாயு அதிகம், குறிப்பிடும்படி எதுவும் இல்லை."

அல்ட்ராசவுண்டுக்குக் காற்றுதான் பெரிய தொல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒலி அலை காற்றில் பட்டதும் திரும்பிவிடும்; அதற்கு அந்தப் பக்கம் என்ன இருந்தாலும் திரையில் வராது. முடிக்குள் சிக்கிய காற்றும் அப்படித்தான். அதனால்தான் 8 முதல் 12 மணி நேரம் பட்டினி போட்டு, வயிற்றை மழித்துவிட்டு எடுப்பார்கள். ஆக, அந்த ஒரு வரிக்கு உண்மையான பொருள், "ஒன்றும் இல்லை" என்பதல்ல, "ஒன்றும் தெரியவில்லை" என்பதுதான்.

அடுத்த வாரம் எண்டோஸ்கோப்பி. நாய்க்கு இதை முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும். அதற்கான சம்மதக் கையெழுத்தைப் போடும்போது என் தங்கை அழுதேவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், "உள்ளே சுத்தமா இருக்கு, இளஞ்சிவப்பா அழகா இருக்கு, பயாப்சி தேவைப்படலை" என்றார். பயாப்சி என்றால் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. கேட்டதும் எங்களுக்கு நிம்மதி. ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் "டியோடினம் இயல்பு" என்று, அதாவது சிறுகுடலின் முதல் பகுதி இயல்பு என்று அச்சடித்திருந்தது. கூடவே எட்டு வண்ணப் படங்கள்.

நான்காவது வாரம் மணியின் வயிறு பானை மாதிரி உப்பியது. சதை போடுகிறான் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்! விலா எலும்பு அத்தனையும் எண்ணும்படி இருக்க, வயிறு மட்டும் எப்படிச் சதை போடும்?

வேறொரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா அந்த எட்டுப் படங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். "இது உணவுக்குழாய். இதிலிருந்து இதுவரை ஆறும் இரைப்பை. இந்த வட்டத் துளை இருக்கு பாருங்க, இதுதான் பைலோரஸ், இரைப்பையோட வாசல். வாசல் வரைக்கும் போயிருக்காங்க. தாண்டின மாதிரி ஒரு படம்கூட இல்லையே சார்." டியோடினம் அந்த வாசலுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. குடலுக்குள் போனதற்கு ஒரு படமும் இல்லாமல், குடல் இயல்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போயிருந்தாலும் கண்ணால் பார்த்தது மட்டும் போதாதாம். மேலே பளபளவென்று இருக்கிற சவ்வுக்குள் அழற்சி இருக்கலாம், சில சமயம் புற்றுநோய்கூட இருக்கலாம். பார்க்க நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலும் பல துண்டுகள் கிள்ளி எடுப்பதுதான் முறை. குழாயே எட்டாத இடமும் உண்டு: நடுச் சிறுகுடலுக்கு வாய் வழியாகவும் போக முடியாது, பின்பக்கமாகவும் போக முடியாது. அந்தப் பகுதிக்கு அல்ட்ராசவுண்டுதான் கண். இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். எங்களுக்கோ இரண்டுமே அரைகுறை. போதாக்குறைக்கு ஸ்டீராய்டு வேறு. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் இருந்தால் அதன் தடயத்தை இந்த மாத்திரை மறைத்துவிடுமாம்.

முதலில் ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் இருக்கிற அல்புமின் என்கிற புரதம் 1.6. இதைவிடப் பாதியாவது கூடுதலாக இருக்க வேண்டுமாம். புரதம் குடல் வழியாகக் கசிந்து போவதால்தான் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சாதாரண ரத்தப் பரிசோதனை இது. மலப் பரிசோதனை, பி12, கார்டிசால், இரண்டு வாரம் உணவு மாற்றிப் பார்ப்பது எல்லாமே மயக்க மருந்துக்கு முன்னால் வர வேண்டியவை. ஒன்றையும் யாரும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டினி போட்டு, மழித்து, மறுபடி ஸ்கேன் எடுத்தார். இந்த முறை என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத் திரையைக் காட்டினார். குடல் சுவர் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. உள்ளடுக்கில் மட்டும் சீப்பால் வாரிய மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். கொழுப்பை உறிஞ்சும் நிணநீர்க் குழாய்கள் வீங்கினால் இப்படித் தெரியும் என்றார். பிறகு எண்டோஸ்கோப்பி. டியோடினத்துக்குள் போனதும் சவ்வு முழுக்க ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் எடுத்தார். லிம்பாஞ்சியெக்டேசியா, அதாவது அந்த நிணநீர்க் குழாய்கள் வீங்குகிற நோய் என்று முடிவு வந்தது, அழற்சியோடு சேர்த்து. புற்றுநோய் இல்லை.

இப்போது கொழுப்பு மிகக் குறைந்த உணவு. ஸ்டீராய்டை அவர் சொல்கிற கணக்கில்தான் கொடுக்கிறோம், நாமாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அல்புமின் 2.3க்கு ஏறியிருக்கிறது. வயிற்று நீர் வற்றிவிட்டது. மழித்த இடத்தில் முடி இன்னும் அரைகுறையாகத்தான் முளைத்திருக்கிறது.

முதல் இடத்துக்குப் போய், டியோடினத்தின் படம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். "படம் எடுக்கலைன்னா பார்க்கலைன்னு அர்த்தமா?" என்றார்கள். சரி, வீடியோ இருக்குமே என்றேன். தேடிப் பார்த்துக் கூப்பிடுகிறோம் என்றார்கள். மூன்று வாரமாகிறது.